முதுகுல ஒட்டுன சீட்டு

காலையில கடையத் தொறக்கப் போனா கதவக் காணோம்.

கதவு இருந்த எடத்துல கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தன் சோகமா என்னையே பாத்துட்டு நிக்கறான். மேலேர்ந்து கீழ வரைக்கும் சினிமா போஸ்டர். பலகை இடுக்கு, தாழ்ப்பாள், பூட்டு, எல்லாத்து மேலயும் பசையப் பூசி ஒட்டி வச்சிருக்கு. சாவி போடணும்னா அந்த ஹீரோவோட மூக்கு ஓட்டையில வெரல வுட்டு நோண்டணும். நோண்டுனேன். வேற வழி?

கடை எங்க மாமாவோடது. மாமான்னா எங்க அக்கா வூட்டுக்காரர். தேரடித் தெருவுல வாடகை சைக்கிள் கடை. நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்புடு போட்டுட்டு அங்க பங்க்சர் ஒட்டிட்டு இருந்தேன். மாமா வந்து கதவப் பாத்துட்டு தையா தக்கான்னு குதிச்சாரு.

"எந்தக் கட்டையில போறவன்டா இந்த வேல பண்ணது?"

"மாமா, நேத்து மேட்னிக்கு ஓசி பாஸ்ல போனீங்களே, படம் முழுசாப் பாத்தீங்களா?"

"கண்றாவி. பாதியில எழுந்து வந்துட்டேன்."

"நீங்க எழுந்து வந்தத அவரு பாத்துட்டாரு மாமா."

மாமா ஒரு தகரத்த எடுத்து ஒழுங்கா போஸ்டரச் சொரண்ட ஆரம்பிச்சாரு. அவருன்னா யாருன்னு ஊருக்கே தெரியும்.

எங்க ஊரு சினிமா கொட்டாய்க்கு போஸ்டர் ஒட்டறவரு. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா எங்கேர்ந்தாவது தேடி வந்து நான் எழுதற இந்தப் பேப்பர் மேலயே எதனா ஒட்டிட்டுப் போயிடுவாரு. ஒல்லியான ஆளு. முழங்கை வரைக்கும் காஞ்ச பசை, உரிச்சா பாம்புச் சட்டையாட்டம் உரியும். சைக்கிள் பக்கவாட்டுல ஏணி, ஹேண்டில்ல பசை வாளி, கேரியர்ல சுருட்டி வச்ச போஸ்டர். ஆளு வர்றதுக்கு முன்னாடி மைதாக் கஞ்சி வாசன வந்துடும்.

வேல போஸ்டர் ஒட்டறதுன்னாலும், அவரு மனசுல அவரு வேற. ஓடாத படத்துக்கெல்லாம் வக்கீலு. எந்தப் படத்துக்கு ஜனம் வரலியோ அதத் தூக்கித் தலைல வச்சிக்கினு ஊர் ஊரா சிபாரிசு பண்ணுவாரு. ஜனம் கேட்டுட்டா சரி. கேக்கலன்னா பழி வாங்குவாரு.

கடை வாசல்ல சினிமா தட்டி வைக்க எடம் குடுத்தா, கொட்டாய்லேர்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஓசி பாஸ் தருவாங்க. டீக்கடை, முடி வெட்டற கடை, எங்க சைக்கிள் கடை, எல்லாத்துக்கும் உண்டு. அந்தப் பாஸ் அவரு கையாலதான் வரணும். பெரிய ஹீரோ படம் வந்தா அவரு இந்தத் தெருப் பக்கமே வர மாட்டாரு. "பாஸ் தீந்துபோச்சி"ம்பாரு. யாரும் சீந்தாத படம் வந்தா மட்டும் காலையில நாஸ்தா பண்றதுக்குள்ள வந்து நிப்பாரு.

"டேய் பங்க்சர், இந்தா. இதப் பாரு. வுட்டுடாத. இந்த மாதிரி படம் ஊருக்கு வர்றதே கம்மி."

"பைட்டு கீதாணா?"

"இல்ல."

"டான்ஸு?"

"மழ பேய்து. ரொம்ப நேரம்."

மறுநாள் வந்து பரீட்ச வைப்பாரு. "இண்டர்வலுக்கு அப்பறம் இன்னா ஆச்சு, சொல்லு." அவ்ளோதான் கேள்வி. எங்க வாத்தியாருங்க எவனும் என்னை இப்பிடி நடுங்க வச்சதில்ல. திருதிருன்னு முழிச்சா முடிஞ்சுது. அடுத்த பொங்கல் படத்துக்குப் பாஸ் கெடையாது. கடைத் தட்டி நைசா எதுத்த கடைக்குப் போயிடும். இல்ல, கதவு காணாமப் போயிடும்.

பசையிலகூட அவரு ஓரவஞ்சன பண்ணுவாரு. மைதாப் பசையில மயில்துத்தம் கலந்தா மாடு திங்காது. அவருக்குப் புடிச்ச படத்துக்கு துத்தம் ஜாஸ்தியாப் போட்டு, பஸ் ஸ்டாண்ட் செவுத்துல, தேரடியில, நல்ல நல்ல எடமாப் பாத்து ஒட்டுவாரு. ஓடற படத்துக்கு துத்தமே கெடையாது. மூத்தரச் சந்துல ஒட்டிட்டு வந்துடுவாரு. பொழுது விடியறதுக்குள்ள கோயில் மாடுங்க வந்து பெரிய பெரிய ஹீரோவோட தாடையெல்லாம் தின்னுட்டுப் போயிருக்கும். மூக்குக்கு மேல மட்டும் மிச்சம் இருக்கும்.

"ஏண்ணா இப்பிடிப் பண்ற?"

"அவனுக்கு ஜனம் தானா வரும்டா. மாடும் கொஞ்சம் பசியாறட்டுமே."

கோயில்ல பூச பண்ற குருக்கள் ஒருத்தர் இருந்தாரு. நம்மாளு எந்நேரமும் தொந்தரவு பண்ணவும், "கட்டாயம் பாக்கறேன்டா"ன்னு வாய் வார்த்தையா சொல்லிட்டுப் போகாம வுட்டுட்டாரு. ஒரு வாரம் கழிச்சி அவரு வூட்டுக்கு எதுத்த செவுத்துல, கரெக்டா அவரு கதவத் தொறந்தா கண்ல படற மாதிரி, கவர்ச்சி டான்ஸ் ஆடற பொம்பள போஸ்டர். துத்தம் டபுள். மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. குருக்களு பல நாளு தரையப் பாத்துக்கினே கோயிலுக்குப் போனாரு. கடைசில பொறுக்க முடியாம அடுத்த டப்பாப் படத்துக்கு முதல் ஆளா வந்து உக்காந்தாரு. மறுநாளே போஸ்டர் கிழிஞ்சிது.

இதக் கேட்டுட்டு அவரு சொல்ற படமெல்லாம் தங்கம்னு நெனச்சிடாதீங்க. பாதி நெஜமாவே அறுவை. ஒரு படத்துல ஒருத்தன் கெணத்த எட்டிப் பாக்க ஆரம்பிச்சான், நான் வெளிய போய் முறுக்கு வாங்கித் தின்னுட்டு வந்தேன், அப்பவும் பாத்துட்டு இருந்தான். நானும் அவரும் சண்ட போடுவோம். "உனக்கு ரசன இல்ல"ம்பாரு. "உனக்கு வேல இல்ல"ம்பேன். ஆனா தண்ணி வண்டிப் படம் அப்பிடியில்ல. அதுல நான் அவரு கட்சி.

எழுபத்தெட்டோ எழுபத்தொம்போதோ இருக்கும். எல்லாரும் கலர் படத்துக்குப் பழகிட்ட காலம். அப்ப வந்துது, கருப்பு வெள்ளையில, தெரிஞ்ச மூஞ்சி ஒன்னுகூட இல்லாம. ஒரு பொம்பள, ஒத்த மாட்டு வண்டியில பீப்பா கட்டி ஊருக்குத் தண்ணி ஊத்தறா. வூட்டுக்கு வூடு ஊத்தறா. திட்டறாங்க, சண்ட போடறாங்க, அவ ஊத்திட்டே இருக்கா. கடைசில வண்டிய நிறுத்திட்டு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிக்கறா. அவ்ளோதான் கத.

குடிச்சதுக்கு அப்பறம் சின்னதா ஒன்னு பண்ணுவா. அத இப்ப சொல்ல மாட்டேன். பாத்தவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் படத்த ஊர்க்காரனுங்க இன்னா பாடு படுத்தினாங்க தெரியுமா? "மாட்டுக்காவது ஒரு பாட்டு குடுங்கடா"ன்னு கத்தினான் ஒருத்தன். நானா இருந்தாலும் அதக் கத்தியிருப்பேன், நல்ல ஜோக்குதான். ஆனா நான் கத்தல. ஏன்னு தெரியல, திரையையே பாத்துட்டு இருந்தேன்.

அவரு குழாயடி குழாயடியாப் போனாரு. எங்க ஊருல தண்ணி எப்ப வரும்னு ஊருக்குப் பின்னாடி நிக்கற அந்த மலைக்கே தெரியாது. குடத்த வரிசையில வச்சிட்டு பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. அங்க போய் நின்னுக்கினு, "யம்மா, உங்க கத வந்திருக்கு. போய்ப் பாருங்க"ன்னு கெஞ்சுவாரு.

ஒரு அம்மா கேட்டுது, "எங்க கத எங்களுக்குத் தெரியாதாய்யா? அதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?"

அவரு வாளியத் தூக்கிக்கினு அடுத்த குழாயடிக்குப் போனாரு. அன்னிக்கி சாயங்காலம் எங்க கடையில வந்து உக்காந்தாரு. டியூப தண்ணித் தொட்டியில அமுக்கி ஓட்ட எங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.

"ஏண்ணா இந்தப் படத்துக்கு மட்டும் இப்பிடி உருகற?"

"படம் முழுக்க ஊருக்கே ஊத்தறாளேடா. ஒருத்தனாவது நீ குடிச்சியான்னு கேட்டானா?" பசைய உரிச்சிக்கினே சொன்னாரு. "ஒரே ஒரு ஷோ. கொட்டாய் ரொம்பி வழியணும். எல்லாரும் கடைசி வரைக்கும் உக்காந்து அவ குடிக்கறதப் பாக்கணும். அப்பறம் படம் எங்க வேணா போட்டும்."

அவரு கேட்டது அவ்ளோதான். அதுவும் நடக்கற மாதிரி தெரியல. மூணாம் நாளே கொட்டாய் மேனேஜரு ஆளக் கூப்ட்டு வுட்டாரு. மேனேஜரு மொழுமொழுன்னு இருப்பாரு, ஸ்கூட்டர்ல வருவாரு. அன்னிக்கி நான் அங்க சைக்கிள் வாடகை வசூலுக்குப் போயிருந்தேன். ஒரு கட்டு ரோஸ் கலர் சீட்ட நம்மாளு மேல வீசுனாரு. போஸ்டர் குறுக்க ஒட்டுவாங்களே, 'இன்றே இப்படம் கடைசி'ன்னு, அந்தச் சீட்டு.

"யோவ், ஊரெல்லாம் ஒட்டிடு. நாளைக்கு மலையில தீபம். கலர் படம் போடறேன்."

"சார், தீபத்தன்னிக்கி ஒரே ஒரு மேட்னி இத ஓட்டுங்க சார். கிராமத்து ஜனமெல்லாம் வரும்."

"தீபத்தன்னிக்கித்தான்யா நாலு காசு பாக்க முடியும். பசை கிண்டறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். படம் தேடித் தர்றதுக்கு இல்ல."

அங்க இருந்தவனுங்க எல்லாரும் சிரிச்சானுங்க. டிக்கெட் கிழிக்கறவன் தொடையத் தட்டிச் சிரிச்சான். நம்மாளு சீட்டுக் கட்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கினு வந்துட்டாரு. அதுல ஒன்னுகூட அவரு ஒட்டல. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

தீபத்தன்னிக்கிக் காலையில கடைக்கு வந்தாரு. "பெரிய கேரியர் வண்டி ஒன்னு குடு. நீயும் வா." படப்பெட்டி ஏத்தி இறக்கறதும் அவரு வேலதான். வேலூரு பஸ்ல கலர் படம் வரும். அதக் கொட்டாய்க்குக் கொண்டு போகணும். தண்ணி வண்டிப் பெட்டிய செங்கம் பஸ்ல ஏத்தணும், அடுத்து அங்க ஓடறதுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி தகரப் பெட்டி.

வேலூரு பஸ் வந்துது. கலர் படப் பெட்டிய இறக்கினாரு. அப்பிடியே நடந்து போயி செங்கம் பஸ் மேல ஏத்திட்டாரு.

"அண்ணா! மாத்தி ஏத்தறணா!"

"தெரியும்டா. கத்தாத."

செங்கம் பஸ் பொறப்பட்டுப் போச்சு. பெட்டிக்குள்ள இருக்கற பெரிய ஹீரோ, கூட்டத்துக்கு நடுவுல டாப்புல உக்காந்துக்கினு போறாரு. தண்ணி வண்டிப் பெட்டி மறுபடியும் எங்க கேரியர்ல ஏறிச்சு. மாட்டுனா தோல உரிச்சிடுவாங்க, ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

மேட்னிக்கு ஜனம்னா ஜனம். சாயங்காலம் மல மேல தீபம் ஏத்தற வரைக்கும் உக்கார நெழல் வேணுமே. சுத்துப்பட்டு கிராமம் பூரா கொட்டாய்க்குள்ள. தரை டிக்கெட்ல பொம்பளைங்க கொழந்த குட்டியோட நெருக்கியடிச்சி உக்காந்திருக்காங்க. எங்க மாமா முதல் ஆளா பெஞ்சுல எடம் புடிச்சிட்டாரு. மணி அடிச்சிட்டாங்க. மேல பெட்டியத் தொறந்த ஆப்பரேட்டர் தலதெறிக்க இறங்கி ஓடியாறாரு.

"சார், பெட்டியில தண்ணி வண்டிதான் சார் கீது!"

மேனேஜரு மூஞ்சி செவந்து, அப்பறம் வெளுத்துது. நம்மாளு தூணோரமா பசை வாளியோட நிக்கறாரு. மேனேஜரு ஒரு பார்வ பாத்தாரு. புரிஞ்சிடுச்சி. ஆனா உள்ள ஜனம் விசிலடிக்குது, பெஞ்ச ஒதைக்குது.

"இதையே ஓட்டுய்யா! நான் வாடகைக் கார் புடிச்சிப் போயி அந்தப் பெட்டியக் கொண்டாரேன். வந்ததும் இத நிறுத்திட்டு அத மாட்டு!"

கார் பறந்துது. இப்ப போட்டி என்னன்னா, செங்கத்துலேர்ந்து கார் வர்றது முன்னாடியா, அவ தண்ணி குடிக்கறது முன்னாடியா?

படம் ஆரம்பிச்சதுமே ரகள. "ஏமாத்து வேல"ன்னு பத்து இருபது பேர் எழுந்து வாசலுக்கு வரானுங்க. அங்க நம்மாளு. "போறியா? போ ராஜா, போ"ன்னு முதுகத் தட்டி வழி அனுப்பறாரு. என்னடா இவ்ளோ மரியாதன்னு கிட்டப் போய்ப் பாத்தேன். தட்டற கையில பசை. அடுத்த கையில ரோஸ் சீட்டு. போறவன் ஒவ்வொருத்தன் முதுகுலயும் 'இன்றே இப்படம் கடைசி' பளிச்சுனு ஒட்டிக்கினு போவுது. அவனவன் அத சொமந்துக்கினு ரத வீதிக் கூட்டத்துல கம்பீரமா நடக்கறான். பின்னாடி வர்ற ஜனம் பூரா சிரிக்குது. ஏன் சிரிக்கறாங்கன்னு தெரியாம இவனும் சிரிக்கறான்.

டிக்கெட் கிழிக்கறவன், தொடையத் தட்டிச் சிரிச்சானே, அவனுக்கு முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு.

எங்க மாமாவும் எழுந்து வந்தாரு. வாசல்ல யாரு நிக்கறான்னு பாத்தாரு. அப்பிடியே ஒன்னுக்குப் போறவராட்டம் திரும்பிப் போய் உக்காந்துக்கினாரு.

பொம்பளைங்க எழுந்துக்கல. நெழலுக்குத்தான் வந்தாங்க, அதனால இருந்தாங்கன்னு வச்சிக்கோங்க. ஆனா கொஞ்ச நேரம் போனதும் சத்தமே இல்ல. திரையில ஒருத்தன் அவளத் திட்டறான். தரையிலேர்ந்து ஒரு அம்மா, "உன் வூட்டு வேலக்காரியா அவ? நீ போய் மொண்டாடா!"ன்னு கத்துது. யாருன்னு பாத்தேன். குழாயடியில டிக்கெட் கேள்வி கேட்டுச்சே, அதே அம்மா. நம்மாளுகிட்ட காட்டலாம்னு திரும்புனேன். அவரு ஏற்கனவே பாத்துட்டாரு. பசைக் கையால மூஞ்சியத் தொடச்சிட்டாரு போல, கன்னமெல்லாம் வெள்ள.

இன்னும் கொஞ்சம்தான் படம் பாக்கி. வெளிய கார் ஆரன். தீபக் கூட்டத்துல மாட்டி ஊர்ந்து ஊர்ந்து வந்துடுச்சி. மேனேஜரு பெட்டியத் தூக்கிக்கினு ஆப்பரேட்டர் ரூம் படியில தடதடன்னு ஏறுறாரு. நம்மாளு ஓடிப் போய்த் தடுக்கல. வாளியக் கீழ வச்சிட்டுத் திரையையே பாத்துட்டு நின்னாரு. "போச்சுடா பங்க்சர்"னு மட்டும் சொன்னாரு.

நிக்கும்னு பாத்தேன். நிக்கல. படம் ஓடுது. அவ வண்டிய நிறுத்தினா. டம்ளர எடுத்தா. பீப்பாவச் சாச்சி மொண்டா. குடிச்சா. கொட்டாய்ல ஒரு கொழந்தகூட அழல.

ஆப்பரேட்டர்தான் புண்ணியம் கட்டிக்கினாருன்னு நாங்க நெனச்சோம்.

படிய விட்டு இறங்கி வந்த மேனேஜரு, அத்தன ஜனத்துக்கு முன்னாடி நம்மாள வேலைய விட்டுத் தூக்கினாரு. வாளியப் புடுங்கித் தெருவுல வீசுனாரு. இவரு சட்டைய சரி பண்ணிக்கினு நடந்தாரு. மேனேஜர் முதுகுலயும் ஒரு சீட்டு இருந்துச்சு. எப்ப ஒட்டுனாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது.

அதுக்கப்பறம் அவரு ஊர்ல இல்ல. போஸ்டர் ஒழுங்கா ஒட்டுனாங்க. மாடு மெலிஞ்சிது.

ஆனா அவரு வுட்டுட்டுப் போன கேஸ நான் மூடல. மாமா ஒக்காந்த எடத்துல இப்ப நான் ஒக்காந்திருக்கேன். என் கடையில செயின் கழல்ற சைக்கிள்னு ஒரு பச்ச வண்டி தனியா வச்சிருக்கேன். வாடகைக்கு வர்றவங்ககிட்ட பேச்சோட பேச்சா கேப்பேன், "தண்ணி வண்டிப் படத்துல அவ குடிச்சதுக்கு அப்பறம் இன்னா பண்ணா?" தெரிஞ்சா நல்ல வண்டி. முழிச்சா பச்ச வண்டி. அன்னிக்கி முதுகுல சீட்டோட போனவங்க யாரு யாருன்னு எனக்கு மனப்பாடம். அவங்கள நான் கேக்கறதே இல்ல. நேரா பச்ச வண்டிதான். இதப் படிக்கறவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருந்தா, ஆமா, அந்தச் செயின் தானா கழலல.

போன வருசம் ஒரு நாள் மேனேஜரு வந்தாரு. தல நரச்சிடுச்சி. ஸ்கூட்டர் ரிப்பேராம். அடி அண்ணாமலைல ஒரு கல்யாணமாம்.

எனக்கு எச்சி ஊறுச்சு. சும்மா அனுப்புவேனா? கேட்டேன்.

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. அப்பறம் மெதுவா சொன்னாரு. "பாதி டம்ளர்தான் குடிப்பா. மீதிய மாட்டுக்கு வப்பா. மாடு குடிக்கற வரைக்கும் டம்ளரப் புடிச்சிக்கினே நிப்பா."

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அவரு படியேறிப் போனது அந்த நேரத்துக்குத்தானே. அப்ப மேல நின்னு, நிறுத்தாதன்னு சொன்னது இவருதான். பாத்திருக்காரு. புடிச்சிருக்கு. பாத்துட்டு இறங்கி வந்துதான் அந்த மனுசன வேலைய விட்டுத் தூக்கியிருக்காரு.

"பதில் கரெக்ட்டு சார்"னு சொல்லிட்டு, துணியால சைக்கிள் சீட்ட நல்லாத் தொடச்சி, பச்ச வண்டியக் குடுத்தேன்.

போன மாசம் பழைய சைக்கிள் வாங்க போளூர் போனேன். சந்தைக்குப் பக்கத்துல மைதா வாசன. திரும்பினா அவரு. ஏணி மேல நிக்கறாரு. எனக்கு எவ்வளவு சந்தோசம்! அவரு சொகமான்னுகூட கேக்கல. "இந்தப் படத்தப் பாத்துட்டியா? வுட்டுடாத"ன்னு ஆரம்பிச்சிட்டாரு.

நான் மேனேஜர் கதைய முழுசா சொன்னேன். பாதி டம்ளர், மாடு, புடிச்சிக்கினு நின்னது, நான் குடுத்த பச்ச வண்டி, எல்லாம்.

அவரு ஏணியிலேர்ந்து இறங்கல. கையில இருந்த பிரஷ்லேர்ந்து பசை சொட்டுது.

"மாடு குடிக்கற வரைக்கும்னு அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னாருணா."

செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கினாரு. ஒட்டுன போஸ்டரையே மறுபடியும் மறுபடியும் தேச்சிக்கிட்டு இருந்தாரு. சரி, மனசு எறங்கிட்டாருன்னு நெனச்சேன்.

"பங்க்சர்."

"சொல்லுணா."

"அந்தப் பச்ச வண்டியில பிரேக்கு இருந்துச்சா?"

"முன் பிரேக்கு இருந்துச்சுணா."

"அங்கதான்டா நீ தப்பு பண்ணிட்ட."